ஏற்காட்டுப் பனிக்கு ஒரு ரெயின் கவர், ஒரு ஜோடி கிளவுஸ்: இரண்டு மார்கழி போட்டுப் பார்த்த பிறகு

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிற எங்களுக்கு அது ஈ ஓட்டும் மாதம், அதனால் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு போய்விடுவேன். சேலம் அம்மாபேட்டையில் விடிகாலை நாலரைக்கு வண்டியை எடுத்தால், அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் நிதானமாக ஏறி, வெளிச்சம் வருவதற்குள் மேலே நிற்கலாம். வழியில் காட்டெருமை நின்றால் மட்டும் கொஞ்சம் தாமதம். அது நகர்கிற வரைக்கும் ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

மூன்று வருசத்துக்கு முன்னால் இப்படி ஒரு மார்கழிப் பயணத்தில் என் 70-300 ஜூம் லென்ஸைப் பறிகொடுத்தேன். உள்ளே ஈரம் இறங்கி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நடுக்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சர்வீஸ் கடையில் கொடுத்தேன், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். “தண்ணி போயிருக்கு சார்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, லென்ஸ் விலையில் பாதியைக் கூலியாகக் கேட்டார்கள். நானும் நம்பினேன். மழையில் நனைந்துதான் போச்சு என்று முடிவு பண்ணி ஒரு ரெயின் கவர் வாங்கினேன். அது தப்பான நோய்க்கு வாங்கின மருந்து என்று பிற்பாடு தெரிந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கவர். 1,450 ரூபாய், ஆன்லைனில். பிராண்ட் பெயர் எழுதவில்லை, ஏனென்றால் இதே தையலில் நாலைந்து பெயரில் விற்கிறார்கள். வெளியே நைலான், உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. லென்ஸ் ஹூடை (லென்ஸ் முன்னால் மாட்டுகிற குழல்) சுற்றி இழுத்துக் கட்ட ஒரு எலாஸ்டிக் கயிறு, இரண்டு பக்கமும் கை நுழைக்கச் சட்டைக் கை மாதிரி இரண்டு குழாய், பின்னால் ஸ்கிரீன் பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், அடியில் டிரைபாடுக்கு ஜிப். மடித்தால் ஒரு டிபன் பாக்ஸ் அளவு.

வந்த அன்றைக்கே கேமராவை உள்ளே வைத்து மழைக்குக் காட்டுகிற தைரியம் எனக்கு இல்லை. கேமராவுக்குப் பதில் கேமரா அளவுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை டிஷ்யூ பேப்பரால் சுற்றி உள்ளே வைத்து, குளியலறையில் ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் தொங்கவிட்டேன். வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள். எடுத்துப் பார்த்தால் நைலான் துணி வழியே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் மேலே ஃபிளாஷ் மாட்டுகிற இடத்துக்கு நேராக ஓடுகிற தையல் வழியே ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஈரம், டிரைபாட் ஜிப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று. தையலை உள்பக்கம் டேப் போட்டு ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசி போன ஓட்டை ஓட்டைதானே. டென்ட், ரெயின்கோட் எல்லாவற்றிலும் முதலில் ஒழுகுவது தையல்தான். பக்கத்து பஞ்சர் கடையில் டியூப் ஒட்டுகிற சொலுஷன் கொஞ்சம் வாங்கி அந்தத் தையல் நெடுக உள்பக்கமாகத் தடவி, ஒரு ராத்திரி காயவைத்தேன். மறுபடி ஷவர். டிஷ்யூ பொரபொரவென்று வறண்டிருந்தது. இந்த வேலையை 1,450 ரூபாய் வாங்கினவன் செய்து கொடுத்திருக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும்.

மழையில் கவர் பாஸ். போன வருசக் கார்த்திகைக் கடைசியில் கிளியூர் அருவிப் பாதையில் ஒன்றரை மணி நேரம் விடாத தூறல், கேமரா மேல் ஈரமே இல்லை. நான் வைத்திருப்பது சாதாரண கேமரா பாடி, மழைக்கான ரப்பர் அடைப்பு எதுவும் அதில் கிடையாது, கேமராவோடு வந்த கிட் லென்ஸ் பின்பக்கத்தில், பாடியோடு பொருந்துகிற மவுண்டைச் சுற்றிக்கூட ஒன்றும் இல்லை. “என்னுடையது வெதர் சீல்டு, எனக்கெதுக்கு கவர்” என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. வெதர் சீல்டு என்று போட்டிருப்பதற்குப் பெரும்பாலான கம்பெனிகள் எண் எதுவும் தருவதில்லை. 2022இல் வந்த ஓஎம்-1 கேமரா மாதிரி ஒன்றிரண்டுதான் தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபி53 என்று எழுதிக் கொடுக்கிறது. அதில் கடைசி 3 தான் தண்ணீர்க் கணக்கு: மேலேயிருந்து சாய்வாகத் தெளிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தம், குடத்தில் முக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த 3-உம் அதே அளவு அடைப்புள்ள லென்ஸ் மாட்டினால்தான்.

ஆனால் ஏற்காட்டில் மழையைவிடத் தொல்லை, மேகம் தரையில் இறங்குவது. மழை மேலேயிருந்து விழும், அதற்குக் குடை பிடிக்கலாம். மேகம் நாலு பக்கமும் வரும், கீழேயிருந்தும் வரும். லேடீஸ் சீட் வியூ பாயிண்டில் நின்றால் அடியில் சேலம் டவுன் விளக்கு தெரிந்துகொண்டே இருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏறி வந்து நம்மையே காணாமல் அடித்துவிடும். அந்த நேரத்தில் கவரின் கை நுழைக்கிற குழாய், அடி ஜிப், எல்லா வழியும் திறந்த வாசல்தான். அதைவிட மோசம் அந்தப் பிளாஸ்டிக் ஜன்னல். கையின் சூடும் மூச்சும் உள்ளே மாட்டிக்கொண்டு பத்தே நிமிடத்தில் ஜன்னல் உள்பக்கம் வேர்த்துவிடும், ஸ்கிரீனில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வியூஃபைண்டரில் கண்ணை வைக்கலாம் என்றால் அதற்கும் முன்னால் அதே பிளாஸ்டிக். விலை கூடின கவர்களில் வியூஃபைண்டர் ரப்பரைக் கழற்றி, கவர் வழியே வெளியே நீட்டுகிற மாதிரி ஒரு துண்டு மாட்டிக்கொள்ள வசதி இருக்கிறது. இதில் இல்லை. நான் கடைசியில் பிளேடு எடுத்து ஜன்னலில் கண் அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, ரப்பர் ஐ-கப்பை அதற்குள் பிதுக்கி விட்டேன். நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. ரிட்டர்ன் கொடுக்கிற யோசனை இருந்தால் வெட்டாதீர்கள்.

முன்கண்ணாடியைக் காப்பாற்றுவது கவர் அல்ல, ஹூட். அது பெரும்பாலும் கிட் லென்ஸோடு வராது, தனியாக வாங்க வேண்டும், எங்கள் தொழிலில் பாதிப்பேர் வாங்குவதே இல்லை. 400 ரூபாய் ஹூட், 1,450 ரூபாய் கவரைவிட அதிகம் உழைத்தது. கேமரா உடம்பைத் துடைக்க மைக்ரோஃபைபரைவிட நம்ம ஊர் ஈரிழைத் துண்டு, அதுவும் இருபது முப்பது முறை துவைத்துப் பஞ்சாகிப் போனது, எவ்வளவோ மேல். லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் மைக்ரோஃபைபர், அதுவும் மூன்று நான்கு தனித்தனியாகக் கவரில் போட்டு எடுத்துப் போக வேண்டும். ஒன்று நனைந்துவிட்டால் அப்புறம் அது துடைக்காது, தண்ணீரை மெழுகும்.

இப்போது கிளவுஸ். கிளவுஸ் வாங்கவேண்டும் என்ற புத்தி எனக்குத் தானாக வரவில்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, காபிப் பழம் பறிக்கிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாரல். உர மூட்டைச் சாக்கை ஒரு முனையை உள்ளே மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு அம்மா பறித்துக்கொண்டிருந்தார். பழத்தைக் கிளையோடு சேர்த்து ஒரு உருவு, கையில் நாலைந்து சிவப்பு, கூடையில் போட்டுவிட்டு அடுத்த கிளை. அவர் முதுகில் சாக்கிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிகிறது, ஒரு சொட்டு ரவிக்கையில் படவில்லை. எனக்கு ஷட்டர் பட்டன் மேல் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அமுக்கினால் அமுங்கினதா என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, பொட்டிக்கு இத்தாம்பெரிய சட்டை போட்டிருக்கறீங்க, கைக்கு ஒண்ணுமில்லீங்களா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாய் சரியாக ஒத்துழைக்கவில்லை.

ஏற்காட்டில் அன்றைக்கு 12, 13 டிகிரி இருந்திருக்கும், அவ்வளவுதான். லடாக் போய் வந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் காய்ந்த கையோடு 5 டிகிரியில் நிற்பதைவிட ஈரக் கையோடு 12 டிகிரியில் காற்றில் நிற்பது கொடுமை. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும், அது போதாது என்று ஈரம் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஐஸ்லாந்து, நார்வேக்காரர்கள் எழுதின கிளவுஸ் ரிவ்யூ நமக்குப் பாதிதான் பொருந்துகிறது. அங்கே உறைபனியில் கிளவுஸ் மேல் பனி விழுந்தால் தட்டிவிட்டால் போச்சு. நமக்கு அது தண்ணீராகவே வருகிறது.

முதலில் குளிர்காலத்தில் ரோட்டோரம் ஸ்வெட்டர் விற்பவர்களிடம் 120 ரூபாய்க்குக் கம்பளி கிளவுஸ் வாங்கினேன். வண்டி ஓட்ட சுகம். சாரலில் இருபது நிமிடத்தில் பஞ்சு மாதிரி குடித்துவிட்டது, பிழிந்தால் ஒரு டம்ளர் வரும். அப்புறம்தான் போட்டோகிராஃபர் கிளவுஸ் என்றே விற்கிறதை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். வெளியே காற்றுப் புகாத துணி, உள்ளே ஃபிளீஸ், உள்ளங்கையில் வழுக்காமல் இருக்க சிலிகான் புள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் மட்டும் தொப்பி மாதிரி திறந்து பின்னால் மடித்துக்கொள்கிற நுனி.

யோசனை அருமை. காய்ந்த குளிரில் இதை மிஞ்ச ஆள் இல்லை: விரல் நுனி மட்டும் வெளியே, டயலைத் திருப்பு, மறுபடி மூடு. ஈரத்தில்தான் இதன் வண்டவாளம் தெரியும். பின்னால் மடித்து வைத்த தொப்பி வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருக்கும், சாரல் அதில் சேரும். ஐந்து நிமிடம் கழித்து விரல் குளிருகிறதே என்று தொப்பியை இழுத்து மாட்டினால், ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்ட மாதிரி இருக்கும். முதல் தடவை நான் சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்தில் எதிரே கொய்யாக் கிளையில் இருந்த செம்மீசைச் சின்னான் ஜோடி பறந்துபோச்சு. தொப்பியை ஒட்டுவதற்கு வைத்திருக்கிற வெல்க்ரோவின் சர்ர்ரென்ற சத்தமும் அப்படித்தான், காலையில் அமைதியான தோட்டத்தில் அது பட்டாசு. காந்தம் வைத்த மாடலும் இருக்கிறது, கூட ஒரு 300, 400 ரூபாய். பறவை எடுப்பவர்கள் அதை வாங்குங்கள்.

கடைசியாக நிலைத்தது வேறொன்று. நீச்சல்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் போடுகிற நியோப்ரீன் (ஒரு வகை ரப்பர் நுரை) கிளவுஸ், இரண்டு மில்லிமீட்டர் கனம், 650 ரூபாய். அது ஈரத்தைத் தடுக்காது, உள்ளே வந்த ஈரத்தைச் சூடாக வைத்துக்கொள்ளும், வித்தியாசம் அங்கேதான். சேலத்தில் குகை ஏரியாவில் எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவரிடம் கொடுத்து வலது கையில் ஆள்காட்டி விரல், கட்டைவிரல் இரண்டையும் முதல் கணுவோடு வெட்டி ஓரம் அடிக்கச் சொன்னேன். “இதென்ன சார், பாதி விரலுக்கு மட்டும் குளிராதா?” என்று கேட்டுக்கொண்டே அடித்துக் கொடுத்தார், முப்பது ரூபாய். அவர் கேட்டதும் நியாயம், அந்த இரண்டு நுனி குளிரத்தான் செய்கிறது. ஆனால் மற்ற விரலும் மணிக்கட்டும் சூடாக இருந்தால் அந்த நுனிக்கும் ரத்தம் வந்துகொண்டு இருக்கிறது, மூன்று மணி நேரம் ஓட்டலாம். 1,100 ரூபாய் கிளவுஸை இப்போது வண்டி ஓட்டத்தான் போடுகிறேன்.

சரி, லென்ஸ் கதை. கவர் வாங்கின முதல் மார்கழியில், மழையே இல்லாத ஒரு நாள். மேலே வெறும் குளிர், நீல வானம். பகோடா பாயிண்டில் எடுத்து முடித்துவிட்டு சரசரவென்று இறங்கி, அடிவாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பையைத் திறந்தேன். என் கண்ணெதிரே லென்ஸ் வெளுத்தது. முதலில் முன்கண்ணாடி, துடைத்தேன், போகவில்லை. உள்பக்கம். ஜூமைத் திருப்பினால் இன்னும் அதிகமானது, ஏனென்றால் ஜூம் நீளும்போது வெளிக்காற்றைத் துருத்தி மாதிரி உள்ளே இழுக்கும். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, போன லென்ஸ் மழையில் சாகவில்லை, இந்த இறக்கத்தில்தான் செத்திருக்கிறது.

ஏற்காடு 1,515 மீட்டர். சேலம் 278. நடுவில் வண்டியில் ஒரு மணி நேரம். உயரத்தால் மட்டுமே எட்டு டிகிரி வித்தியாசம், அதோடு விடிகாலைக்கும் பத்து மணி வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் சேர்த்தால் கேமரா 12 டிகிரியில் இருக்கும், கீழே காற்று 27 டிகிரியில், ஈரத்தோடு இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பது போலத்தான். சொம்பு வெளியேதான் வேர்க்கும், லென்ஸ் உள்ளேயும் வேர்க்கும். பஞ்சு வைத்த நல்ல கேமரா பை இதை இன்னும் மோசமாக்கும், குளிரைப் பத்திரமாகக் கீழே வரைக்கும் கொண்டுவந்து கொடுக்கும்.

இதற்கு மருந்து, கடையில் கிடைக்கிற 10 ரூபாய் ஜிப்லாக் கவர், பெரிய சைஸ். மலை மேலேயே, குளிரில் நிற்கும்போதே, கேமராவைத் துடைத்து, மெமரி கார்டை முதலில் வெளியே எடுத்துக்கொண்டு (எடுக்காவிட்டால் கீழே வந்ததும் கை அரித்துத் திறந்துவிடுவீர்கள், நான் திறந்திருக்கிறேன்), இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூட வேண்டும். கீழே வந்தபிறகு இரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. வேர்வை எல்லாம் கவரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நிற்கும், உள்ளே கேமரா தூங்கிக்கொண்டு இருக்கும். இந்தப் பத்து ரூபாய் கவர் வந்தபிறகு இரண்டு மார்கழியில் ஒரு தடவைகூட லென்ஸ் வெளுக்கவில்லை. குளிருதே என்று கேமராவை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன். உடம்பு வேர்வைக்குள் கேமராவை வைத்து என்ன பிரயோஜனம்.

வீட்டில் வைக்க டிரை கேபினட் (ஈரம் ஏறாமல் வைக்கிற அலமாரி) வாங்க ஆசைதான், இப்போதைக்கு சின்னக்கடை வீதியில் வாங்கின காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு ஈரப்பத மீட்டர், அரைக் கிலோ ஆரஞ்சு சிலிக்கா. மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் கிடந்தால் பூஞ்சை குடிவந்துவிடும். ஆரஞ்சு பச்சையாக மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய இரும்புச் சட்டியில் போட்டு மெல்லிய தீயில் நிறம் திரும்புகிற வரை வறுத்துக்கொள்ளலாம். நீலக் கலர் வகையை வாங்காதீர்கள், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அடுப்பங்கரைப் பக்கம் அது வேண்டாம். எங்கள் அம்மா நனைந்த கேமராவை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்த சம்பவமும் நடந்தது. அரிசி அப்படி ஒன்றும் ஈரத்தை இழுக்கவில்லை, தவிட்டுத் தூசி மட்டும் ஒவ்வொரு பட்டனுக்குக் கீழேயும் போய் உட்கார்ந்தது. அரிசி நன்றாக இருந்தது என்றார்.

ஆக கவருக்கு ஐந்துக்கு மூன்று, தையலுக்கு டேப் போட்டிருந்தால் நான்கு. ஃபோல்டிங் கிளவுஸுக்கு ஏற்காட்டுக்கு என்றால் இரண்டரை, மழையில்லாத தை, மாசிக்கு என்றால் நான்கு. நியோப்ரீனுக்கு நாலரை, தையல்கூலி சேர்த்தே சொல்கிறேன். கவர் வாங்குவதென்றால் உங்கள் லென்ஸை ஹூடோடு, முழுசாக ஜூம் நீட்டி, அளந்துவிட்டு அதற்கு ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள். எம் சைஸ் வாங்கி, ஜூமை 300இல் நீட்டும்போது பின்பக்கம் ஏறிக்கொண்டு பாட்டரி மூடி வெளியே தெரிந்ததால் நான் ஒரு தடவை மாற்றி வாங்கினேன், போக வர கூரியர் 140 ரூபாய் என் கைக்காசு. கிளவுஸ் மட்டும் சரியான அளவுக்கு இறுக்கமாக, கடையில் போட்டுப் பார்த்து, கையில் கேமராவைப் பிடித்து, ஷட்டரைப் பாதி அமுக்கிப் பார்த்துத்தான். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.